பிரின்ஸ்லி ஷ்வார்ஸ் குழு சரிந்தது நியூயார்க் மேடையிலா, லண்டன் பப்பிலா?

#1 பழையதட்டு

இந்தக் குழுவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே கதைதான். 1970 ஏப்ரலில் விமானம் நிறையப் பத்திரிகைக்காரர்களை நியூயார்க்குக்கு அழைத்துப் போனார்கள், மேடையில் சொதப்பினார்கள், ஆட்டம் முடிந்தது. முடியவில்லை என்பதுதான் என் வாதம். அதன்பிறகு 5 வருடம் வாசித்தார்கள். முதல் ஆல்பத்தைக் கழித்தால் இன்னும் 5 ஆல்பம் போட்டார்கள். கலைந்தது 1975 மார்ச்சில்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து டன்பிரிட்ஜ் வெல்ஸில் கிப்பிங்டன் லாட்ஜ் என்றொரு பாப் குழு இருந்தது. 1967 முதல் 1969 வரை பார்லஃபோன் நிறுவனத்தில் 5 சிங்கிள் போட்டும் ஒன்றுகூட எடுபடவில்லை. கிட்டார் பிரின்ஸ்லி ஷ்வார்ஸ். அவருடைய பள்ளித்தோழர் நிக் லோ இடையில் பாஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். ஆர்கனுக்கு பாப் ஆண்ட்ரூஸ், டிரம்ஸுக்கு பில்லி ரேங்கின் என்று ஆள் மாறியதும் பெயரும் மாறியது. கிட்டார்காரர் பெயரையே குழுவுக்கு வைத்துவிட்டார்கள். பாடுவதும் பாட்டெழுதுவதும் பெரும்பாலும் லோ, பெயர் மட்டும் ஷ்வார்ஸுடையது. இந்தக் குழப்பம் கடைசிவரை தீரவில்லை.

ஏற்றம் எப்படி, இறக்கம் எப்படி என்று கணக்காகப் பேசலாம். ஃபில்மோர் கூத்தை மட்டும் திரும்பச் சொல்லாமல், ஏன் அப்படி ஆனது, அதன்பிறகு என்ன ஆனது என்று எழுதினால் நல்லது.

#2 புதுக்காது

பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஃபில்மோர் கூத்து என்றால் என்ன? அதைத் தாண்டிப் போவதற்கு முன் யாராவது ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

#3 கூட்டல்கழித்தல்

@புதுக்காது, சொல்றேன். ஃபேம்புஷர்ஸ்னு ஒரு கம்பெனி. பெயரே 'புகழைத் தள்ளிவிடுறவங்க'. சொந்தமா வாத்தியம் வெச்சிருக்கிற, சொந்தமா பாட்டெழுதுற இளம் குழு வேணும்னு பத்திரிகையில விளம்பரம் கொடுத்தாங்க. இவங்க போய்ச் சிக்கினாங்க. அங்கே பொறுப்புல இருந்தவர் டேவ் ராபின்சன், அயர்லாந்துக்காரர், கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோட சுற்றுப்பயணத்துல வேலை பார்த்தவர்.

திட்டம் இதுதான். லண்டன்ல யாருக்கும் தெரியாத குழுவை நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் மேடையில ஏத்துறது. அதைப் பார்க்க பிரிட்டிஷ் பத்திரிகைக்காரங்களையும், போட்டியில ஜெயிச்ச வாசகர்களையும் இலவசமா விமானத்துல கூட்டிப் போறது. 'நியூயார்க்கில் வென்றார்கள்'னு ஒரே வாரத்துல எல்லாப் பத்திரிகையிலும் வந்துடும், முதல் ஆல்பம் பின்னாலேயே வந்துடும். அரங்கத்து முதலாளி பில் கிரஹாமை ராபின்சன் எப்படியோ பேசிச் சம்மதிக்க வெச்சார். அன்னைக்கு வாசிச்ச மற்ற ரெண்டு பேர் வான் மாரிசனும் குவிக்சில்வர் மெசஞ்சர் சர்வீஸும். இவங்க முதல்ல.

எங்கே உடைஞ்சதுன்னு வரிசையா பாருங்க:

சில நாள் முன்னாலேயே போய் ஒத்திகை பார்க்கிறதா ஏற்பாடு. விசா மறுத்துட்டாங்க. அதனால கனடா போய், அங்கேயிருந்து சின்ன விமானத்துல எல்லை தாண்டி, கச்சேரி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலதான் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தாங்க. ஒத்திகை நாள் அத்தனையும் போச்சு. வாத்தியம் எல்லாம் வாடகை.

அதே நேரம் பத்திரிகைக்காரங்க விமானம் இயந்திரக் கோளாறுல மணிக்கணக்கா தாமதம். காத்திருந்த நேரம் பூரா இலவச மது. நியூயார்க்ல இறங்கினவங்கள்ல பாதிப் பேர் போதையில, மீதிப் பேர் தலைவலியில.

இதுல அடிப்படைத் தப்பு விசா இல்லை. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நடந்தாகணும்னு பத்து வேலையை அடுக்கி வெச்சு, நடுவுல ஒரு நாள்கூட உபரி விடல. விமானத் தேதி, அரங்கத் தேதி, ஆல்பத் தேதி மூணும் நகர்த்த முடியாத தேதி. ஒண்ணு ஆடினா மொத்தமும் சரியும்.

#4 ஏழாம்கம்பி

'வாத்தியம் எல்லாம் வாடகை' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் நண்பர். எனக்கு அதுதான் மையம்.

ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஹேமண்ட் ஆர்கனின் உள்ளே பல் வெட்டிய இரும்புச் சக்கரங்கள் சுழலும். அவற்றைச் சுற்றும் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குப் பூட்டுப்போட்டது போல ஓடும். பிரிட்டனில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. லண்டன் ஆர்கனை அப்படியே நியூயார்க்கில் சொருகினால், மின்னழுத்தத்தை டிரான்ஸ்ஃபார்மரால் சரிசெய்யலாம், அதிர்வெண்ணை முடியாது. சுருதி 60க்கு 50, அதாவது 6க்கு 5 என்ற விகிதத்தில் ஏறிவிடும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்த விகிதம் பழக்கம்: ச வாசித்தால் சாதாரண காந்தாரம் கேட்கும். கிட்டாரை அந்த அளவுக்கு முறுக்கி ஏற்றினால் கம்பி அறும். தவிர, பி3 மாடல் பெடலும் பெஞ்சும் சேர்த்து 190 கிலோவை ஒட்டி வரும். ஆக, அட்லாண்டிக் தாண்டும் குழு ஆர்கனை அங்கேதான் வாடகைக்கு எடுத்தாக வேண்டும். இது ராபின்சன் கஞ்சத்தனம் இல்லை.

ஆனால் வாடகை ஆர்கன் என்றால் லெஸ்லி பெட்டியும், அதாவது ஆர்கனின் சுழலும் ஒலிபெருக்கியும், புதிது. அந்தப் பெட்டிக்குள் கொம்பு சுழலும் வேகம், மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏற எடுக்கும் நேரம், எல்லாம் பெட்டிக்குப் பெட்டி மாறும். பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் வேகம் ஏறி முடிய வேண்டும் என்று பழகிய கை அங்கே தடுமாறும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலும் இதே கதை. எந்த எண்ணில் வைத்தால் ஒலி உடையத் தொடங்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நான்கு குரல் இணைந்து பாடுவதே முதல் ஆல்பத்தின் பலம். தன் குரல் தனக்குக் கேட்காத மேடையில் இணைக்குரல்தான் முதலில் சுருதி விலகும்.

அரங்கத்து ஒலியமைப்பைக் குறை சொல்ல வழியில்லை. அங்கே இருந்தது பில் ஹேன்லியின் அமைப்பு, உட்ஸ்டாக் இசைவிழாவுக்கு ஒலிபெருக்கி போட்டவர். 2,600 பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும். தவறும் அதே தெளிவோடு கேட்டிருக்கும்.

#5 தெற்குவாசல்

ஆனால் அன்று அவ்வளவு மோசமாகவா வாசித்தார்கள்? சுமாராக வாசித்திருந்தாலும் திட்டுதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். தன்னை விலைக்கு வாங்கப் பார்த்தார்கள் என்று தெரிந்த பத்திரிகைக்காரன், பாராட்டினால் வாங்கப்பட்டவன் ஆகிவிடுவான். திட்டினால்தான் அவனுக்கு மரியாதை. இலவச டிக்கெட் கொடுத்தவுடனேயே நல்ல விமர்சனம் வரும் வழி அடைபட்டுவிட்டது. இதை யோசிக்காததுதான் ஃபேம்புஷர்ஸின் பெரிய முட்டாள்தனம், விசாவும் விமானமும் அப்புறம்.

#6 மெர்சிக்கரை

எல்லாம் சரி. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன், இந்தப் பகுதி 'பிரிட்டிஷ் கன்ட்ரி இசை' பகுதி. கன்ட்ரி என்பது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி. பிரின்ஸ்லி ஷ்வார்ஸ் எப்படி ஐயா கன்ட்ரி குழு ஆகும்? முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், கலிஃபோர்னியா இணைக்குரலும் நீண்ட ஆர்கன் தனியாவர்த்தனமும். கன்ட்ரி வாடையே கிடையாது.

#7 ஏழாம்கம்பி

முதல் ஆல்பத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அதே 1970இன் பிற்பகுதியில் வந்த இரண்டாவது ஆல்பத்தை எடுங்கள். 'டெஸ்பைட் இட் ஆல்', இத்தனைக்குப் பிறகும் என்று அர்த்தம். முதல் பாட்டிலேயே வயலினும் பெடல் ஸ்டீலும் இருக்கின்றன. ஸ்டீல் வாசித்தவர் பி.ஜே. கோல். அப்போது பிரிட்டனில் அந்த வாத்தியத்தை அந்தத் தரத்தில் வாசிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெடல் ஸ்டீல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு: மேசை மாதிரி கிடக்கும் வாத்தியம், கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில் முறையில் 10 கம்பி, ஈ9 சுருதி. இடது கையில் இரும்புத் துண்டு, வலது கையில் நகக்கவசம், வலது காலில் ஒலி அளவு, இடது காலில் 3 பெடல், முழங்காலில் நெம்புகோல்கள். முதல் இரண்டு பெடலைச் சேர்த்து மிதித்தால் பஞ்சமம் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறும், அந்தர காந்தாரம் சுத்த மத்தியமத்துக்கு ஏறும், ஷட்ஜம் அசையாமல் நிற்கும். ஒரு சுரம் நிற்க மற்றது வழுக்கி ஏறுகிறதே, அந்த இழுவைதான் கன்ட்ரியின் அழுகை. கேட்கிறவருக்கு ஜாரு மாதிரி இருக்கும், ஆனால் இது விரலில் வருவதில்லை, காலில் வருகிறது.

இதைக் குழுவில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில் சிக்கல் உண்டு. பெடலை மிதிக்கும்போது வாத்தியத்தின் உடல் இம்மி வளையும், மற்ற கம்பிகள் சற்றே இறங்கும். வாசிப்பவர் அதைக் காதால் ஈடுகட்ட வேண்டும். பப்பின் புழுக்கத்தில் சுருதி நகரும். இடமும் அடைக்கும், உட்கார்ந்து வாசிப்பதால் ஆளும் தெரியாது.

ஆகவே பின்னால் ஸ்டீல் இல்லாமலே அந்த ஒலியைப் பிடித்தார்கள். டெலிகாஸ்டர் கிட்டார்காரர்களின் வழக்கமான வழி: மூன்றாவது கம்பி சுற்றில்லாத மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும், 0.017 அங்குலம் போதும். சுற்றுக்கம்பி என்றால் முழுச்சுரம் வளையாது. அதை வளைத்து ஏற்றும்போது இரண்டாம் கம்பியைச் சுண்டுவிரலால் அசையாமல் பிடித்துக்கொண்டால் ஸ்டீல் இழுவை கிட்டத்தட்ட வந்துவிடும். பாஸ் ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் மாறி மாறி, டிரம்ஸில் ஸ்நேர் என்ற சின்ன முரசின் மேல் ரயில் ஓட்டம். ஆர்கனில் சுரம் தொடங்கும் அடி கேட்காமல் கால்பெடலால் ஒலியை ஊதி ஏற்றினால் ஸ்டீல் இல்லாத குறை பாதி மறையும்.

#8 மெர்சிக்கரை

வாத்தியப் பாடம் அருமை. ஆனால் என் கேள்வி வேறு. பிரிட்டிஷ் கன்ட்ரி என்றால் அதற்கென்று ஊர் இருந்தது, மக்கள் இருந்தார்கள். லிவர்பூல். நியூயார்க் போய்வரும் கப்பல்களில் வேலை செய்தவர்களை 'குனார்ட் யாங்கிகள்' என்பார்கள், அவர்கள் பெட்டியில் அமெரிக்க இசைத்தட்டு வரும். வாரிங்டன் பக்கத்தில் பர்ட்டன்வுட் அமெரிக்க விமானதளம். பீட்டில்ஸ் காலத்திலேயே ஹேங்க் வால்டர்ஸ், ஃபில் பிரேடி என்று தொப்பி போட்ட குழுக்கள் அங்கே முழுநேரம் ஓடிக்கொண்டிருந்தன.

அங்கே முன்னால் நின்றது ஹில்சைடர்ஸ், 1964 வாக்கில் உருவானது, பாடகர் கென்னி ஜான்சன். 1967இல் கன்ட்ரி பாடகர் பாபி பேர் நாஷ்வில்லிலிருந்து வந்து இவர்களோடு சேர்ந்து ஒரு முழு ஆல்பம் பதிவுசெய்தார். 1969இல் மெர்வின் கான் வெம்ப்ளியில் ஈஸ்டர் தோறும் கன்ட்ரி விழா தொடங்கியபோது அதற்கென்று கூட்டம் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கூட்டத்தை உருவாக்கியவர்கள் இந்த மாதிரிக் குழுக்கள்தான்.

அவர்களும் ஓர் எல்லைக்கு மேல் ஏற முடியவில்லை, மறுக்கவில்லை. தொழிலாளர் மன்றத்தில் வாசிக்கும்போது மக்கள் கேட்பது அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாட்டு. அப்படியே வாசித்தால் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள், சொந்தப் பாட்டு வாசித்தால் எழுந்து மதுக்கடைப் பக்கம் போவார்கள். நாஷ்வில் நட்சத்திரம் வந்தால் பின்னால் நின்று வாசிக்கும் வேலை. நல்ல வேலை, நல்ல மரியாதை. ஆனால் சுவரொட்டியில் இரண்டாவது வரி.

பிரின்ஸ்லி ஷ்வார்ஸ் இந்த மக்களை ஒருநாளும் எட்டவில்லை. வெம்ப்ளிக் கூட்டத்துக்கு அவர்கள் நீள்முடி வைத்த ஹிப்பிகள்.

#9 பழையதட்டு

மெர்சிக்கரை சார் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்ப அங்கேதான் வரப்போகிறேன்.

நியூயார்க்கிலிருந்து திரும்பியவர்கள் கடனோடும் அவமானத்தோடும் லண்டனின் வடமேற்கே நார்த்வுட்டில் ஒரு பெரிய வீடு எடுத்தார்கள். வாத்தியக்காரர்கள், குடும்பங்கள், சாமான் தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே கூரையில். 1970இன் பிற்பகுதியில் இயன் கோம் இரண்டாவது கிட்டாராக வந்தார். அங்கே செய்த முக்கியமான காரியம் ஒலியைக் குறைத்தது. 'த பேண்ட்' என்ற குழுவின் இசைத்தட்டுகளை வைத்துப் பாடம் படித்தார்கள். ஐந்து பேர் வாசித்தாலும் ஒவ்வொருவருக்கும் நடுவே காற்று புகும் இடம் இருக்கும் அந்த வாசிப்பு. மூன்றாவது ஆல்பம் 'சில்வர் பிஸ்டல்' அந்த வீட்டிலேயே பதிவானது, 1972இல் வந்தது. அதில் இரண்டு பாட்டு ஜிம் ஃபோர்டுடையது. கென்டக்கிக்காரர், கன்ட்ரியும் கறுப்பின ஃபங்க்கும் கலந்து எழுதியவர். 1971இல் லண்டன் வந்து இவர்களோடு ஆல்பம் பதிவுசெய்ய முயன்றார், அது நிறைவேறவில்லை. ஆனால் நிக் லோவின் எழுத்தில் அதன்பிறகு வந்த சிக்கனத்துக்கு ஃபோர்டு ஒரு காரணம்.

அடுத்த திருப்பமும் அமெரிக்கர்களால்தான். எக்ஸ் ஓவர் ஈஸி என்று ஒரு குழு, தயாரிப்பாளர் சாஸ் சாண்ட்லரிடம் ஆல்பம் பதிவுசெய்ய லண்டன் வந்து, அது கிடப்பில் போனதால் கையில் வேலையில்லாமல் இருந்தது. கென்டிஷ் டவுனில் டாலி ஹோ என்று ஒரு பப், ஜாஸ் மட்டும் நடக்கும் இடம். 1971இல் கூட்டமே வராத திங்கட்கிழமை இரவைக் கேட்டு வாங்கினார்கள். நூறு பாட்டுக்கு மேல் கைவசம், சொந்தமும் அடுத்தவருடையதும் கலந்து, யார் என்ன கேட்டாலும் வாசிப்பார்கள். சில மாதத்தில் பப் நிரம்பியது. லோவும் மற்றவர்களும் போய்ப் பார்த்தார்கள். தாங்கள் நார்த்வுட் வீட்டில் பழகியதற்கு ஏற்ற அறை இதுதான் என்று புரிந்தது. எக்ஸ் ஓவர் ஈஸி ஊர் திரும்பியதும் அந்த இடத்தை நிரப்பியவர்களில் இவர்கள் முக்கியம். பப் ராக் என்ற பெயர் அதன்பிறகு வந்தது.

ஃபில்மோரில் விழாமல் இருந்திருந்தால் இந்தக் குழு இப்படி வாசித்திருக்காது. அதனால்தான் அதை முடிவு என்று சொல்வதை எதிர்க்கிறேன்.

#10 புதுக்காது

ஒலியைக் குறைத்தது அவ்வளவு பெரிய விஷயமா? சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு திருகுதானே?

#11 ஏழாம்கம்பி

திருகு மட்டும் இல்லை தம்பி.

1970களின் தொடக்கத்தில் ராக் குழு என்றால் 100 வாட் ஆம்ப்ளிஃபயர், நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி இரண்டு. பப்பின் குரல் ஒலிபெருக்கியோ இருபக்கமும் இரண்டு தூண் மாதிரிப் பெட்டி, அதற்கும் ஏறக்குறைய அதே 100 வாட். குரலைக் கூட்டினால் மைக்கில் ஊளை வரும். அறை சின்னது, கூரை தாழ்வு, மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சில அடிதான். ஆக, ஊளை வராமல் குரலை எவ்வளவு ஏற்ற முடியுமோ அதுதான் உச்சவரம்பு. மற்ற எல்லாம் அதற்குக் கீழே அடங்க வேண்டும்.

வாட்டைக் குறைத்தால் போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. 100 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வித்தியாசம் 5 டெசிபெல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் குறைவாகத் தெரியும். உண்மையான குறைப்பு டிரம்ஸில் தொடங்க வேண்டும். டிரம்ஸை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசிக்கிறோம், அதனால் அதுதான் அறையின் அடிமட்டம். ரேங்கின் குச்சியை ஓங்காமல் விசையை வைத்துக்கொண்டு வாசித்தால் பாஸ் இறங்கும், பாஸ் இறங்கினால் கிட்டார் இறங்கும், அப்புறம் ஆர்கன். சத்தம் குறைத்து வாசித்தால் பெரும்பாலான டிரம்ஸ்காரர்களுக்குத் தாளமும் சேர்ந்து தளரும். தளராமல் வாசிக்கப் பழகுவதுதான் மாதக்கணக்கில் ஆகும் வேலை. ஒரே வீட்டில் வாழ்ந்தது அதற்குத்தான் உதவியது.

#12 கூட்டல்கழித்தல்

வீடு உதவிச்சு, சரி. அதே வீடுதான் சாப்பிட்டுச்சு.

கணக்கைப் பாருங்க. பப் அறையில நெருக்கி அடைச்சாலும் சில நூறு பேர். நுழைவுக் கட்டணம் இல்லை, இல்லைன்னா சில்லறை. பப் முதலாளிக்கு லாபம் பீர்ல. குழுவுக்கு ஒரு இரவுக்கு ஒரு தொகை, அதை வாத்தியக்காரங்க 5 பேர், சாமான் தூக்குறவங்க, வேன், வாடகை, குடும்பங்கள்னு பங்கு போடணும். எத்தனை கூட்டம் வந்தாலும் அறை பெருசாகாது. இந்தத் தொழில்ல நிரம்பி வழியறதுதான் உச்சம், அதுக்கு மேல படி கிடையாது.

இன்னொண்ணு. வாரம் ஒருநாள் கென்டிஷ் டவுன், ஒருநாள் இஸ்லிங்டன் ஹோப் அண்ட் ஆங்கர், ஒருநாள் கில்பர்ன்னு அதே ஊர்ல சுத்திட்டே இருந்தா, ஒரு கோப்பை பீர் விலையில நேர்லயே கேட்கிறவன் எதுக்கு இசைத்தட்டு வாங்கணும்? இசைத்தட்டு விக்காத குழுவுக்குக் கம்பெனி விளம்பரம் போடாது. இவங்க இசைத்தட்டுக் கம்பெனியான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல இவங்களை ஆதரிச்ச ஆண்ட்ரூ லாடர் இருந்ததால 6 ஆல்பம் வரைக்கும் விட்டுவெச்சாங்க. வேற கம்பெனியா இருந்தா ரெண்டாவதோடயே கதவைச் சாத்தியிருப்பாங்க.

அதுக்கு மேல காலம். 1973 ஏப்ரல்ல 10 சதவீத மதிப்புக் கூட்டு வரி (VAT) வந்தது. அந்த வருஷக் கடைசியில எண்ணெய் நெருக்கடி, கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு. இசைத்தட்டு செய்யற வினைல் எண்ணெயில இருந்து வர்றது, வேனும் எண்ணெயில ஓடுறது. 1974 ஜனவரியில இருந்து மார்ச் வரை மின்சாரம் மிச்சம் பிடிக்க மூணுநாள் வேலைவாரம்.

#13 தெற்குவாசல்

மின்வெட்டு என்றதும் ஒன்று. 1972 பிப்ரவரி 13, லண்டன் ரவுண்ட்ஹவுஸில் கிரீஸி டிரக்கர்ஸ் நிகழ்ச்சி, ஹாக்விண்ட், மேன் குழுக்களோடு இவர்களும். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்த சமயம், நடுவே மின்சாரம் போய்விட்டது. அது இரட்டை ஆல்பமாகவும் வந்தது. அதில் இவர்கள் பக்கத்தைக் கேட்டால், விண்வெளி ஒலிக்கு நடுவில் இவர்கள் மட்டும் யாரோ வீட்டுக் கூடத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும். ஏழாம்கம்பி சொன்ன ஒலிக்குறைப்பைக் கேட்க இதுவே நல்ல சான்று.

#14 பழையதட்டு

கூட்டல்கழித்தல் கணக்கை ஏற்கிறேன், ஆனால் அது பாதிதான். பெரிய மேடையும் கிடைத்தது. 1973இல் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் பிரிட்டனைச் சுற்றியபோது முன்னால் வாசித்தவர்கள் இவர்கள்தான். நாடு முழுக்கப் பெரிய அரங்குகள், பழுதில்லாமல் வாசித்தார்கள். இசைத்தட்டு அப்போதும் நகரவில்லை.

ஏன் என்பதற்கு ஆல்பங்களை வரிசையாகக் கேளுங்கள். இரண்டாவது கன்ட்ரி. மூன்றாவது த பேண்ட் சாயல். நான்காவது 'நெர்வஸ் ஆன் த ரோடு', ராக் அண்ட் ரோலும் கன்ட்ரியும், இதுதான் சிறந்தது என்பது என் கட்சி. ஐந்தாவதில் ரெக்கே, சோல் எல்லாம் கலந்த கதம்பம். ஆறாவது 1974இல் டேவ் எட்மண்ட்ஸ் தயாரிப்பில், வேல்ஸின் ராக்ஃபீல்டில் பதிவானது, சுத்தமான பாப். பப் மேடைக்கு இந்தக் கலவை பலம். கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பார்? கன்ட்ரி அடுக்கில் வைத்தால் ஜிம் ரீவ்ஸ் ரசிகர் தொடமாட்டார். ராக் அடுக்கில் வைத்தால் ஹாக்விண்ட் ரசிகர் எடுக்கமாட்டார். நிறுவனமே குழம்பி, பீட்டில்ஸ் பாட்டை இவர்களை வாசிக்கவைத்து 'த நீஸ்', 'லைம்லைட்' என்று பொய்ப்பெயரில் சிங்கிள் வெளியிட்டது. சொந்தப் பெயர் விற்பனைக்குத் தடை என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

#15 மெர்சிக்கரை

இதற்கு வானொலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1973 அக்டோபரில் வணிக வானொலி வரும்வரை நிலத்தில் சட்டபூர்வமாக ஒலித்தது பி.பி.சி. மட்டுமே. அங்கேயும் ஒருநாளைக்கு இத்தனை மணிநேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று ஒப்பந்தம், 'ஊசி நேரம்' என்பார்கள். மீதி நேரத்துக்குக் குழுக்களைக் கூப்பிட்டு நிலையத்திலேயே வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார்கள். ஜான் பீல், பாப் ஹாரிஸ் நிகழ்ச்சிகளில் இவர்கள் வாசித்ததும் இப்படித்தான். ரசிகர் கூடுவார்கள், ஆனால் கடையில் கேட்கப் போனால் வானொலியில் கேட்ட அந்தப் பதிவு கிடைக்காது. கன்ட்ரிக்கு ரேடியோ 2இல் வாலி வைட்டன் நடத்திய நிகழ்ச்சி போல ஒன்றிரண்டு உண்டு, அதெல்லாம் என் லிவர்பூல் கூட்டத்துக்கு. பீல் நிகழ்ச்சியில் வாசிப்பவர்கள் அந்தப் பக்கம் போவது அபூர்வம்.

இதில் ஒரு கொடுமை: பிரின்ஸ்லி ஷ்வார்ஸ் 1975 மார்ச்சில் கலைந்தது. இரண்டே மாதத்தில், மே மாதம், டாமி வைனெட் பாடிய 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' பிரிட்டனில் முதலிடம். அது 1968இல் பதிவான பாட்டு! அடுத்த வருடம் ஸ்லிம் விட்மன் தொகுப்பு ஆல்பம் முதலிடம். பிரிட்டனில் கன்ட்ரி விற்காது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்கக் குரலில், பழைய பாணியில் இருந்தால் லாரி லாரியாக விற்றது. சொந்த ஊர்ப் பையன்கள் கன்ட்ரியைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி திருப்பி வாசித்தால், அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் வேறு அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

#16 பழையதட்டு

நான் #9இல் திரும்ப வருவேன் என்று சொன்ன இடம் இதுதான் சார். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

#17 தெற்குவாசல்

இதே கதி சில்லி வில்லி அண்ட் த ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவுக்கும். வயலின், பாஞ்சோ, ஸ்டீல் என்று பப் குழுக்களில் அதிகம் கன்ட்ரி வாசித்தவர்கள். 1975 தொடக்கத்தில் மேலாளர் ஜேக் ரிவியேரா மூன்று பப் குழுக்களை ஒரே டிக்கெட்டில் நாடு சுற்ற அனுப்பினார், விலை 75 பென்ஸ். மற்ற இரண்டும் கோகோமோ, டாக்டர் ஃபீல்குட். சுற்று முடிந்தபோது பேசப்பட்டது ஃபீல்குட் மட்டும், சில்லி வில்லி கலைந்தது. ஃபீல்குட்டின் நேரடிப் பதிவு ஆல்பம் 1976இல் முதலிடத்துக்கே போனது. அதே பப், அதே வேன். வித்தியாசம், மேடையில் ஒருவர் முறைத்துக்கொண்டும் ஒருவர் ஓடிக்கொண்டும் இருந்தார்கள். பிரின்ஸ்லி ஷ்வார்ஸில் கண் நிற்க ஒரு ஆள் இல்லை. அவர்கள் விரும்பியே அப்படி நின்றார்கள், ஃபில்மோர் விளம்பரத்தில் சுட்டுக்கொண்ட கை.

#18 புதுக்காது

கலைந்தபிறகு என்ன ஆனார்கள்?

#19 கூட்டல்கழித்தல்

ஷ்வார்ஸும் ஆண்ட்ரூஸும் ரூமர் குழுவை ஆரம்பிச்சு பாடகர் கிரஹாம் பார்க்கருக்குப் பின்னால வாசிச்சாங்க. கோமுக்கு 1979ல தனியா அமெரிக்காவுல ஒரு ஹிட். ராபின்சனும் ஜேக் ரிவியேராவும் 1976ல ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் தொடங்கினாங்க. முதலீட்டுல 400 பவுன் ஃபீல்குட் பாடகர் லீ பிரிலோ கொடுத்த கடன். முதல் சிங்கிளே நிக் லோவுடையது. லண்டன்லேயே, கம்மிச் செலவுல, விமானம் எதுவும் இல்லாம.

பணக்கணக்குல பெரிய வரவு எதுன்னா, 1974 ஆல்பத்தோட முதல் பாட்டு, சமாதானம், அன்பு, புரிதல்னு வருமே அது, நிக் லோ எழுதினது. அப்போ யாரும் சீண்டல. எல்விஸ் காஸ்டெல்லோ பாடி 1979 ஆல்பத்துல வந்ததும்தான் ஊருக்குத் தெரிஞ்சது. 1992ல கர்ட்டிஸ் ஸ்டைகர்ஸ் பாடினது 'த பாடிகார்ட்' பட ஆல்பத்துல சேர்ந்தது, அது உலகம் பூரா கோடிக்கணக்குல வித்த ஆல்பம். பாட்டு எழுதினவருக்கு ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு உண்டு, அதுல யார் பாடினாலும். குழுவா வாசிச்ச மற்ற நாலு பேருக்கு அதுல கிடையாது. குழு தொடங்கும்போதே எழுத்துப் பங்கை எப்படிப் பிரிக்கிறதுன்னு பேசலேன்னா இதுதான் நடக்கும்.

#20 ஏழாம்கம்பி

கன்ட்ரி கணக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். லோ 1979இல் கார்லின் கார்ட்டரை மணந்தார், ஜானி கேஷின் மனைவி ஜூன் கார்ட்டரின் மகள். கேஷ் இவர் பாட்டுகளைப் பாடினார், 1994 ஆல்பத்தில் வரும் 'த பீஸ்ட் இன் மீ' உட்பட. மெர்சிக்கரை சார், வெம்ப்ளிக் கூட்டம் ஏற்காத ஹிப்பியின் பாட்டு கடைசியில் கேஷ் வாயில் வந்தது.

#21 மெர்சிக்கரை

கேஷ் பாடினால் கன்ட்ரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது லோவின் கணக்கு, குழுவின் கணக்கு அல்ல. பிரிட்டிஷ் கன்ட்ரிக் கலைஞர்கள் சொந்த ஊர் ஆல்பப் பட்டியலில் முதல் பத்துக்குள் வர 2015 ஆனது, ஷையர்ஸ் இருவர். அடுத்த வருடம் வார்ட் தாமஸ் சகோதரிகள் முதலிடம். அதற்குள் வானொலி, இணையம், லண்டன் ஓ2 அரங்கத்தில் வருடாந்தர விழா என்று அறைகளுக்கு நடுவே இருந்த சுவர் இடிந்திருந்தது.

#22 புதுக்காது

எங்கே தொடங்கிக் கேட்பது?

#23 பழையதட்டு

நான்காவது ஆல்பத்தில் தொடங்குங்கள். பிறகு இரண்டாவது. மூன்றாவதை இரவில், சத்தத்தைக் குறைத்து வைத்து. முதல் ஆல்பத்தைக் கடைசியில் கேளுங்கள், இல்லாவிட்டால் மெர்சிக்கரை சார் மாதிரி 'இது எப்படி ஐயா கன்ட்ரி' என்று கேட்டுக்கொண்டு வருவீர்கள். ஐந்தாவதை விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

#24 ஏழாம்கம்பி

ஐந்தாவதை விடாதீர்கள். அதில் ஆர்கன் வாசிப்பு மட்டும் தனியாகக் கேட்கத்தக்கது. ஹெட்ஃபோனில் கேட்டால் லெஸ்லி எங்கே வேகம் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரியும். வரி முடிகிற இடங்களில் கவனியுங்கள்.